முதலில் எழுந்தவர்

திருவனந்தபுரத்தில் எங்கள் தமிழ்ச் சபையின் தேவாலயத்தில் கோயில்குட்டியார் அவர். மணியடிப்பார், பாய் விரிப்பார், பெட்ரோமாக்ஸுக்குக் காற்றடிப்பார். ஒல்லி உடம்பு, தோளில் வெளுத்த நேரியல், எப்போதும் மண்ணெண்ணெய் வாசம். ஆண்டுதோறும் நடக்கும் சுவிசேஷக் கூட்டத்தின் கடைசி நாளில், "இயேசுவைச் சொந்த இரட்சகராக ஏற்றுக்கொள்கிறவர்கள் எழுந்து நில்லுங்கள்" என்று பிரசங்கியார் அழைத்ததும் முதலில் எழுவது இவர்தான். பிள்ளைகள் சிரிப்பார்கள். சர்க்கார் கச்சேரிக் குமாஸ்தாவான எனக்கோ எரிச்சலாக வரும்.

ஒரு வருஷம் கூட்டம் முடிந்து பாய் சுருட்டிக்கொண்டிருந்தவரிடம் கேட்டேவிட்டேன்.

"ஓய், இரட்சிப்புன்னா வருஷா வருஷம் அம்மை குத்துறது மாதிரியா? ஒருதடவை போதாதா?"

"முதல்ல எழும்ப ஆளுகளுக்கு நாணம் சாரே. ஒருத்தன் நின்னா, பின்னால இருக்கவனுக்குத் தைரியம் வரும்லா?"

"அப்போ உமக்காக எப்போ எழும்பினீர்?"

சுருட்டிய பாயை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"அதுக்கு இன்னும் தைரியம் வரல்லே, சாரே."

அடுத்த கூட்டத்துக்குள் அவரை அடக்கம் செய்திருந்தோம். கடைசி நாளில் பிரசங்கியார் மூன்று முறை அழைத்தும் ஒருவரும் அசையவில்லை. நான் எழுந்து நின்றேன். எனக்காகவா, பின்னால் இருந்தவர்களுக்காகவா என்று இன்றும் சொல்லத் தெரியவில்லை. பின்னால் ஒவ்வொருவராக எழும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.