ரோதை மார்க்கின் சொந்தக்காரர்

ஹட்டன் டவுனில் பஸ்ஸை விட்டு இறங்கி, ரோதை மார்க் வடிவேலு எங்கே என்று கேட்டுப் பாருங்கள். ஓட்டோக்காரன் கூலி பேசாமல் கூட்டிக்கொண்டு போவான். போகிற வழியில் அவருடைய கதை ஒன்றும் சொல்வான். அதில் பாதி வடிவேலுவே பரப்பியது. மீதிப் பாதிதான் இது.

அவருடைய தேயிலைப் பைக்கட்டில் இன்றைக்கு ரோதைச் சக்கரம் கிடையாது. பெயர் மட்டும் ஆள் மேல் ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

றொசல்லைக்கு மேலே ஒரு தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்தவர் வடிவேலு. பள்ளிக்கூடம் அவரைப் பார்த்தது கொஞ்சக் காலம். அதற்குள் கையெழுத்துப் போடவும் கணக்குப் பார்க்கவும் படித்துவிட்டார். வேறென்ன வேண்டும்? தேயிலைத் தூள் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கினார். பிறகு கடை போட்டார், லொறி வாங்கினார். இன்று வங்கி மனேஜர் எழுந்து நின்று கைகொடுக்கிறார். ஹட்டன் சேற்றிலும் கசங்காத முழுக்கை வெள்ளைச் சட்டை அவருக்கு ஒரு அடையாளம். பட்டம் வாங்கினவர்கள் பலர் அவரிடம் சம்பளம் வாங்கியிருக்கிறார்கள். அதை அவர்களுக்கு எதிரிலேயே சொல்லுவார்.

வியாபாரத்துக்கு முந்தி அவர் வேலை பார்த்தது தோட்டத்து ஸ்டோரில். தேயிலை அரைக்கிற பெக்டரியை அங்கே ஸ்டோர் என்றுதான் சொல்வார்கள். அதன் அடித்தளத்தில் ஆளுயரத்துக்கும் மேலே ஒரு இரும்புச் சக்கரம். அதுதான் ரோதை. அதிலிருந்து தோல் பெல்ட் ஓடி மேலே உள்ள மெசின்களையெல்லாம் சுழற்றும். அதன் காலடியில் எண்ணெய் குடித்துக் கறுத்த ஒரு கல். ரோதை முனி, சுருட்டுப் படையல் கேட்கிற சாமி. காலையில் ரோதையை ஓட விடுகிறவன், கல்லில் ஒரு சொட்டு எண்ணெய் வைத்துச் சொல்ல வேண்டும்: "ஒன் ரோத, சாமி. நாங்க சுத்தி விடுறவங்கதான்."

அந்த ஸ்டோரில் யாரும் 'என் மெசின்' என்று சொல்லமாட்டார்கள். சொன்னவர் ஒருவர் உண்டு. ரோதைக்காரர் வீரய்யா. ஸ்டோரை நடத்துகிற டீமேக்கரோடு வாய்த்தகராறில், "இது என் ரோத. என்னையக் கேக்காம எவன் தொடுவான்?" என்று கத்தினார். அன்றைக்கே பெல்ட் அவருடைய சட்டைக் கையைக் கவ்வியது. முதலில் கைநுனி. பிறகு முழங்கை. பிறகு தோள். சத்தம் கேட்டு ஓடியவர்களில் வடிவேலுவும் ஒருவர். பெல்ட் அறைகிற தப், தப் என்ற சத்தம் நெடுநாள் அவர் காதை விட்டுப் போகவில்லை.

பிற்காலத்தில் முதல் பைக்கட்டுக்கு ஒரு படம் வேண்டுமென்றபோது, அவர் மனதில் வந்து நின்றது அந்த ரோதைதான். சிவப்புத் தாளில் கறுப்புச் சக்கரம். எழுதப் படிக்கத் தெரியாத கிழவிகளும் "ரோத போட்டது குடுங்க" என்று கேட்டு வாங்கினார்கள். வடிவேலுவும் முறை தவறவில்லை. பைக்கட் போடுகிற கூடத்தில் ரோதைப் படத்துக்கு விளக்கேற்றி, அதே வார்த்தையைத் தினமும் காலையில் சொல்லிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார்.

அப்படி ஓடிக்கொண்டிருந்த வியாபாரத்தில், தலவாக்கலையில் ஜீவராஜ் என்றொரு இளம் வியாபாரி கை வைத்தான். அதே சிவப்பு. அதே சக்கரம். உள்ளே சாயம் ஏற்றின கழிவுத் தூள். கொட்டகலையில் ஒரு சாவு வீட்டுக்குப் போயிருந்தபோது, கூட்டத்துக்கு நடுவில் ஒரு கிழவர் கோப்பையை வடிவேலுவின் முன்னால் வைத்தார்.

"ஒங்க ரோத மார்க்குதான் முதலாளி. நீங்களே குடிச்சுப் பாருங்க. செத்தவன் குடிக்காம தப்பிச்சான்."

சனம் சிரித்தது. வடிவேலு குடித்துப் பார்த்தார். தேத்தண்ணியை விட அந்தச் சிரிப்புதான் கசந்தது. பாடுபட்டு எடுத்த பெயர் அந்தக் கோப்பையோடு போய்விடும் போலிருந்தது.

மறுநாளே கண்டிக்குப் போனார். சட்டத்தரணி டோரீன் அவருக்குப் பழக்கம். தோட்டத்துப் பள்ளிக்கூட மாஸ்டர் ஒருவரின் மகள்.

"ஐயா, இத்தனை வருசமா வியாபாரக் குறியப் பதியாமலா இருந்தீங்க?" என்றாள் டோரீன். "பதிஞ்சாத்தான் அவன நிப்பாட்டலாம். முதல்ல விண்ணப்பம். அவங்க பாத்துச் சரின்னா அரசாங்க வர்த்தமானியில போடுவாங்க. அதுக்குப் பொறகு யாராவது எதிர்ப்புச் சொல்லணும்னா தவணை இருக்கு. ஒருத்தரும் சொல்லலன்னா ஒங்களுக்குத்தான்."

"எவன் மிஸ் எதிர்ப்புச் சொல்லுவான், என்னைய?"

"சரி, கேக்குறதுக்குப் பதில் சொல்லுங்க. இந்தக் குறிக்குச் சொந்தக்காரர் யாரு?"

வடிவேலு நாற்காலியில் நிமிர்ந்தார். வெளியே காத்திருந்தவர்களுக்கும் கேட்கட்டும் என்றே சொன்னார்: "நான்தான். இது என் ரோத."

சொன்ன வாயில் மெசின் எண்ணெயின் கசப்பு ஒன்று தட்டியது. பேராதனையில் தின்ற வடையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

அடுத்த நாள் காலையில் கூடத்தில் விளக்கேற்றினார். வழக்கமான வார்த்தை நாக்கு வரைக்கும் வந்தது. சட்டப்படி தன் பெயருக்கு வரப்போகிற சாமானுக்கு இன்னொருத்தன் பெயரை ஏன் சொல்ல வேண்டும்? சொல்லாமலே வேலையைத் தொடங்கினார்.

அன்று பின்னேரம் சட்டையைக் கழற்றிப் போட்டபோது மனைவி மனோரஞ்சிதம் கூப்பிட்டாள்.

"ஏங்க, எங்க போயி கைய விட்டீங்க? பாருங்க இத."

சட்டையின் வலது கைநுனியில் கறுப்பாக ஒரு வளையம். கிரீஸ். தொட்டுப் பார்த்தால் சூடு.

"லொறியில பட்டிருக்கும்."

"லொறி போயி ரெண்டு நாளாச்சு."

அவள் துவைத்துக் காயப்போட்டாள். வேறு சட்டை போட்டுக்கொண்டு போனார். அதிலும் வந்தது, அதே இடத்தில். பைக்கட் கூடத்தில் கிரீஸ் போடுகிற மெசின் ஒன்றுகூட இல்லை. சூட்டில் ஒட்டுகிற சின்ன மெசின்கள்தான்.

பைக்கட் மேசையில் மூத்தவள் நாகலெட்சுமி. ஒரு நாள் நடுப்பகலில் தராசை விட்டுவிட்டு எழுந்து நின்றாள்.

"முதலாளி, கீழ என்ன ஓடுது?"

"எங்க கீழ? கீழ பாறை."

"காதக் குடுத்துக் கேளுங்க."

மற்றப் பெண்களும் கையை நிறுத்தினார்கள். வெளியே பனி இறங்கிக் கண்ணாடியை மூடியிருந்தது. சிமெந்துத் தரைக்கு அடியில், வெகு ஆழத்தில், தப். கொஞ்சம் கழித்து, தப்.

"தண்ணிப் பைப்பு" என்றார் வடிவேலு. "வேலையப் பாருங்க."

"பைப்பு சுருட்டுக் குடிக்குமா முதலாளி? வாசம் வருதே."

யாரோ ஒருத்தி சிரிக்கப் பார்த்தாள். பாதியில் விட்டுவிட்டாள். வாசம் எல்லோருக்கும் அடித்தது.

விண்ணப்பம் நகர்ந்துகொண்டிருந்தது. குறி வர்த்தமானியில் வந்த நாள் டவுனே அறியும். பட்டாசு போட்டார், லட்டு கொடுத்தார். "இனி ரோத என் சொத்து" என்று கடை கடையாகச் சொன்னார். வீட்டுக்கு வந்தபோது கிரீஸ் முழங்கையைத் தாண்டியிருந்தது. துவைத்தும் போகாத சட்டைகளை மனோரஞ்சிதம் கொடியில் வரிசையாகப் போட்டிருந்தாள். காட்டினாள், அவ்வளவுதான். முதல் சட்டையில் கைநுனி. அடுத்ததில் கொஞ்சம் மேலே. அதற்கடுத்ததில் இன்னும் மேலே. கவ்வி இழுத்துக்கொண்டே போகிற மாதிரி.

வீரய்யாவின் தோள் வடிவேலுவின் நினைவுக்கு வந்தது.

அப்போதும் இறங்கி வரவில்லை அவர். அரைக்கைச் சட்டை போட்டுப் பார்த்தார். கறுப்பு தோலிலேயே ஏறியது. ஒரு காலையில் தோளுக்கு நாலு விரல் கீழே வந்து நின்றது. கை சில்லிட்டுக் கனத்தது. சோற்றை அள்ளி வாய்க்குக் கொண்டுபோக இடது கையைத் துணைக்கு வைக்க வேண்டியிருந்தது.

மறுபடியும் முழுக்கைச் சட்டை போட்டு, கறை தெரியாமல் சால்வையைப் போர்த்திக்கொண்டு டோரீனிடம் போனார்.

"நல்ல செய்தி ஐயா" என்றாள் அவள். "இன்னும் கொஞ்ச நாள்தான். இதுவரைக்கும் ஒருத்தரும் எதிர்ப்புச் சொல்லல."

வடிவேலு சால்வையை விலக்கித் தன் கையைப் பார்த்தார்.

"சொல்லுறாங்க மிஸ்."

அங்கிருந்து அவர் வீட்டுக்குப் போகவில்லை. றொசல்லையில் இறங்கி மலை ஏறினார். பழைய ஸ்டோருக்குக் கூரை இல்லை. ரோதையை எப்போதோ இரும்புக்கு உடைத்து விற்றுவிட்டார்கள். அது நின்ற குழியில் மழைத்தண்ணீர் பச்சையாகத் தேங்கிக் கிடந்தது. குழிக்கரையில் கல் மட்டும் இருந்தது. ஆள் நடமாட்டமே இல்லாத இடம். ஆனாலும் கல்லில் எண்ணெய் வழிந்துகொண்டிருந்தது, இப்போதுதான் யாரோ வைத்த மாதிரி.

தப். தப். தப். இங்கே சத்தம் பக்கத்தில் கேட்டது. தண்ணீரில் காற்றே இல்லாமல் ஒரு சுழல் விழுந்தது.

"எனக்கு எவன் குடுத்தான்?" என்று கத்தினார் வடிவேலு. "லயத்துல கெடந்தவன் நான். நானாவே மூட்டை தூக்கினேன். நானாவே கடை போட்டேன். ஒரு படம், ஒரே ஒரு படம், அதுகூட என்னோடது இல்லையா?"

வலது கைச் சட்டை இறுகியது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. துணி மட்டும் குழியின் பக்கம் விறைத்து நீண்டது. கால் சேற்றில் வழுக்கியது. தோள் மூட்டில் ஒரு நெரிப்பு. விளிம்புக்கு வந்துவிட்டார். வீரய்யா அன்றைக்கு என்ன நினைத்திருப்பார் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது.

மூச்சு வாங்கச் சொன்னார்: "ஒன் ரோத, சாமி. நான் சுத்தி விட்டவன்தான்."

சத்தம் நின்றது. நின்ற பிறகுதான் அத்தனை நாளும் அது ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தது அவருக்குப் புரிந்தது.

சட்டையையும் சால்வையையும் கழற்றிக் கல்லின் மேல் போட்டார். வெள்ளைச் சட்டை வடிவேலு அன்றைக்குக் கொட்டும் பனியில் வெறும் பெனியனோடு ரயில் ஏறினார். ஹட்டன் ஸ்டேசனில் பார்த்தவர்கள் இன்றும் சொல்வார்கள். கையில் கறுப்பு இல்லை.

விண்ணப்பத்தை வாபஸ் வாங்கச் சொன்னபோது டோரீன் தலையில் கை வைத்தாள்.

"பைத்தியமா ஐயா? கைக்கு வந்தத விடுறீங்க. அவன் எடுத்துக்குவான்!"

"எடுத்துக்கட்டும். என் மூஞ்சியப் பதிங்க. மீசையோட. அதுல எவன் பங்கு கேப்பான்?"

வடிவேலு தேயிலை. புதுப் பைக்கட், மீசை வைத்த முகம். கிழவிகள் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ரோத இல்லையே" என்று திரும்ப வைத்தார்கள். வியாபாரம் படுத்தது. அவர் மறுபடியும் கடை கடையாக ஏறி இறங்கினார், இந்த வயதில். ஏறினார் என்பதுதான் கணக்கு.

ஒரு காலையில் ஜீவராஜ் கடை வாசலில் வந்து நின்றான். கையில் லட்டுப் பெட்டி.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. நீங்க விட்டீங்க, நான் விண்ணப்பம் எழுதிக் குடுத்திட்டேன். இனி என் ரோத."

வடிவேலுவின் முகத்தில் கோபம் வரும் என்று பார்த்தவர்களுக்கு ஏமாற்றம்.

"தம்பி, அந்த வார்த்தைய வாபஸ் வாங்கு. இப்பவே. என்கூட வா, ஒரு எடத்தக் காட்டுறேன்."

"ஹா! பொறாமைய இப்பிடியும் பேசலாமா அண்ணே?" என்று சிரித்துக்கொண்டே ஜீவராஜ் கையை நீட்டினான்.

வடிவேலு அந்தக் கையைப் பிடிக்கவில்லை. ஜீவராஜின் புதுச் சட்டையில், வலது கைநுனியைச் சுற்றிக் கறுப்பாக ஒரு வளையம் ஓடியது. ஈரமாக.

"இது எங்க பட்டுச்சு?" என்று கேட்டார்.

ஜீவராஜ் குனிந்து பார்த்தான். விரலால் துடைத்தான். விரலைச் சட்டென்று இழுத்துக்கொண்டான்.

"கார்ல பட்டிருக்கும்" என்றான். "என்ன, சுடுது?"