ஐந்தாம் மாடிக் கதவு

மகள் விமானம் ஏறிய புதன்கிழமை அவள் வழியனுப்பப் போகவில்லை. போக முடியவில்லை என்று சொல்வதுதான் நியாயம். அன்று காலையில்தான் பட்டியல் வந்திருந்தது. பட்டியல் வந்துவிட்டால் விருதுப் பிரிவில் வேலை பார்க்கும் ஐந்து பேரும் வாசல் காவலரிடம் கைபேசியைக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மாலைவரை வெளியே வரக்கூடாது. எட்டு நாள் கழித்துப் பெயர்களை அறிவிக்கும்வரை இதுதான் நடைமுறை. விடுப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை.

"விடும்மா. நீ வந்தா மட்டும் ப்ளேன் நிக்கவா போகுது?" என்று மகள் காலையில் பெட்டியின் ஜிப்பை இழுத்துக்கொண்டே சொன்னாள். வேறு நாடு, மூன்று வருட ஒப்பந்தம். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. பழகிப்போன குரலில் சொன்னாள்.

அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் சம்மதம் அக்கா. நாட்டின் மிக உயர்ந்த விருது யார் யாருக்கு என்று முடிவானதும், அதை ஊருக்குச் சொல்வதற்கு முன்னால், ஒவ்வொருவரையும் தொலைபேசியில் அழைத்து ஒரே ஒரு கேள்வி கேட்பது அவள் வேலை. "நாடு தங்களைக் கௌரவிக்க விரும்பினால் ஏற்பீர்களா?" எதற்காக என்று சொல்லக்கூடாது. அழைப்பு வந்தவரும் யாரிடமும் மூச்சு விடக்கூடாது. எப்போதோ ஒருவர் மேடைக்கு வராமல் மானத்தை வாங்கிய பிறகு வந்த ஏற்பாடு அது. பத்தொன்பது வருடமாகக் கேட்கிறாள். அழுதவர்கள் உண்டு. "யோசிச்சுச் சொல்றேன்" என்று கெத்துக் காட்டிவிட்டு, அவள் போனை வைப்பதற்குள் சரி என்றவர்களும் உண்டு. வேண்டாம் என்றவர்களின் பெயர் எந்தத் தாளிலும் ஏறாது. அவள் நெஞ்சுக்குள்ளேயே கிடக்கும். கணவர் உயிரோடு இருந்தபோது அவரிடம்கூடச் சொன்னதில்லை. வாயைக் கட்டிப் பழகிய பழக்கம் மெல்ல வீட்டுக்குள்ளும் வந்து உட்கார்ந்துகொண்டது. அவர் போன பிறகு அம்மாவுக்கும் மகளுக்கும் நடுவே "சாப்டியா", "லேட்டாகுமா" என்பதைத் தாண்டிப் பேச்சு நகரவில்லை.

விமானம் இரண்டு நாற்பதுக்கு. அவள் கண் சுவர்க் கடிகாரத்திலேயே இருந்தது. பட்டியலில் நாற்பத்தொரு பெயர்கள். தொலைபேசி எண்களைப் பரிந்துரைக் கோப்பிலிருந்துதான் எடுக்க வேண்டும். பொதுமக்கள் யார் யாரையோ பரிந்துரைத்து அனுப்பும் ஆயிரக்கணக்கான விண்ணப்பங்கள் அதில் இருக்கும். இருபத்தேழாவது பெயரைக் கோப்பில் தேடி, எண்ணைக் கண்டுபிடித்து, அழைத்தாள். அப்போது மணி இரண்டு முப்பத்தெட்டு.

எதிர்முனையில் ஒரு முதியவர். கேள்வியை இரண்டு தரம் திருப்பிச் சொல்லச் சொன்னார். பிறகு, "எனக்காம்மா?" என்றார். ஆமாம் என்றாள். "நல்லாப் பாத்தீங்களா?" என்றார். அதற்கும் ஆமாம் என்றாள். "சரிம்மா. ஏத்துக்கறேன்" என்றார். ஏற்கிறார் என்று பதிவேட்டில் எழுதிவிட்டு நிமிர்ந்தபோது கடிகாரம் இரண்டு நாற்பத்திரண்டைக் காட்டியது.

தவறு மூன்றாம் நாள்தான் தெரிந்தது. அழைப்பிதழுக்காக விவரங்களைச் சரிபார்க்கும்போது இருபத்தேழாவது ஆள் கடலோர நகரத்து ரத்தநோய் மருத்துவர் என்றிருந்தது. அவள் அழைத்ததோ இதே நகரத்து எண். அதே பெயர், அதே முதலெழுத்து, வேறு மனிதர். தொழிலையும் ஒத்துப்பார்த்த பிறகே அழைக்க வேண்டும் என்று புதிதாக வருபவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதே அவள்தான். மருத்துவரை உடனே அழைத்துக் கேட்டாள். "இப்பத்தான் ஞாபகம் வந்துச்சா?" என்று முனகிவிட்டு அவரும் சம்மதித்தார்.

மற்றவரின் விண்ணப்பத்தைத் தேடி எடுத்தாள். முப்பத்தோரு வருடம் பெரிய ஆஸ்பத்திரியில் லிஃப்ட் இயக்கியவர். பரிந்துரைத்தவர் ஒரு பெண். ஒன்றரைப் பக்கம் கையால் எழுதியிருந்தாள். சின்ன வயதில் அவள் அம்மா ஐந்தாம் மாடியில் பதினோரு மாதம் கிடந்தாளாம். பன்னிரண்டு வயதுக்குக் கீழே யாரையும் வார்டுக்குள் விட மாட்டார்கள். தினமும் மாலையில் அப்பாவோடு லிஃப்டில் போகும்போது, ஐந்தாம் மாடியில் கதவு திறந்தபடியே சிக்கிக்கொள்ளுமாம். அதைச் சரிசெய்ய அவருக்கு இரண்டு மூன்று நிமிடம் ஆகும். எதிரே நடையின் கடைசியில் அம்மாவின் கட்டில். அம்மா கை அசைப்பாள், இவளும் அசைப்பாள். 'பதினோரு மாதமும் அந்தக் கதவு எங்களுக்காகத்தான் சிக்கியதா என்று எனக்குக் குழந்தை பிறந்த பிறகுதான் யோசித்தேன்' என்று முடித்திருந்தாள். ஓரத்தில் தேர்வுக் குழுவின் சிவப்பு மைக் குறிப்பு: சேவைக்கு ஆதாரம் இல்லை.

சம்மதம் அக்கா அந்தத் தாளைக் கோப்பில் திரும்ப வைத்துவிட்டு அதிகாரியின் அறைக்குப் போனாள்.

பிரிவு அதிகாரியை எல்லோரும் கண்ணாடி என்பார்கள். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு மேசையெல்லாம் தேடுகிற ஆள். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவர் கதவைச் சாத்தினார்.

"தப்பா கூப்டுட்டோம்னு சொன்னா அது செய்தி. சொல்லலைன்னா ஒண்ணுமே நடக்கலை. பேப்பர்ல பேருக்குப் பக்கத்துல டாக்டர்னு பாத்தா அந்தப் பெரியவரே புரிஞ்சுப்பார். நீங்க போன்ல கை வைக்காதீங்க. வேலை போயிடும், சொல்லிட்டேன்."

அவள் போனில் கை வைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை, விண்ணப்பத்தில் பார்த்த முகவரிக்கு நேரே பஸ் ஏறினாள். வியாழக்கிழமை பட்டியல் பேப்பரில் வரும். அதற்கு முன்னால் அவருக்கு யாராவது சொல்லியாக வேண்டும். அந்த ஆள் தன் பெயரைக் கண்டுபிடித்துவிட்டு, பக்கத்தில் மருத்துவர் என்றிருப்பதன் மேல் திரும்பத் திரும்ப விரலை ஓட்டிக்கொண்டிருப்பது அவள் கண்ணை விட்டுப் போகவே இல்லை.

மூன்றாம் மாடி. லிஃப்ட் இல்லாத கட்டடம். மூச்சு வாங்க நின்றவளைப் பார்த்து, "என்ன பண்றது, முப்பத்தோரு வருஷம் ஏறாத படியெல்லாம் சேத்து இப்ப ஏறிட்டு இருக்கேன்" என்றார் கதவைத் திறந்தவர். அவள் வாயைத் திறந்து ஐயா என்றதுமே குரலைப் பிடித்துவிட்டார். உள்ளே ஒரு கட்டில், ஒரு நாற்காலி, ஒரு அடுப்பு. ஜன்னல் கம்பியில் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை தொங்கியது. நாற்காலியை அவளுக்குத் தள்ளிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தார். அவளைப் பேசவே விடவில்லை.

"யாருகிட்டயும் சொல்லாதீங்கன்னு சொன்னீங்க பாருங்க, அது ஒரு விதத்துல வசதியாப் போச்சும்மா. சொல்றதுக்கு யாரு இருக்கா?"

நாலு நாளாக உட்கார்ந்து, அப்படி என்னதான் செய்துவிட்டோம் என்று யோசித்தாராம். மூன்று கிடைத்தனவாம். அவர் டீ குடிக்க இறங்கியிருந்த நேரம் கரண்ட் போய் இரண்டு மாடிக்கு நடுவே லிஃப்ட் நின்றபோது, உள்ளே பிரசவ வலியில் ஒரு பெண். மேலே மெஷின் அறைக்கு ஓடிப்போய் நாற்பது நிமிடம் கையாலேயே சக்கரத்தைச் சுற்றி இறக்கினார். அது ஒன்று. முப்பத்தோரு வருடத்தில் காலை ஷிஃப்டுக்கு ஒருநாள்கூடத் தாமதமில்லை. அது இரண்டு. மூன்றாவதைச் சொல்லக் கொஞ்சம் தயங்கினார். வார்டு ஆட்களைக் கைநீட்டி அடிக்கிற ஒரு பெரிய டாக்டரை, போக வேண்டிய மாடியில் இறக்காமல் கீழே பிணவறைத் தளத்துக்குக் கொண்டுபோய் நிறுத்திவிட்டாராம்.

"அது நல்லதுல சேருமான்னுதான் தெரியலை" என்றார்.

அவள் சிரித்துவிட்டாள். பிறகுதான் சொன்னாள். சுற்றி வளைக்காமல், தான் செய்த தவறு என்றே சொன்னாள். ஏன் கவனம் சிதறியது என்று மட்டும் சொல்லவில்லை.

அவர் எழுந்துபோய் அடுப்பில் தண்ணீர் வைத்தார். முதுகு மட்டும்தான் தெரிந்தது. தண்ணீர் கொதித்து, தூள் போட்டு, வடிகட்டி, இரண்டு டம்ளரில் ஊற்றும்வரை அவர் திரும்பவில்லை. கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "அப்ப சட்டையை மடிச்சு வச்சிடலாம்" என்றார். டீயில் சர்க்கரை இல்லை. இரண்டு பேருமே அதைச் சொல்லவில்லை.

"நான் சரின்னு சொன்னதை எழுதிட்டீங்களா?"

"எழுதிட்டேன். அழிக்கறது வழக்கமில்லை. மேல ஒரு கோடுதான் போடுவோம்."

"கோட்டுக்குக் கீழ தெரியுமா?"

"தெரியும்."

அவர் தலையாட்டினார். பிறகு, தன் எண் எப்படி அங்கே வந்தது என்று கேட்டார். யாரோ உங்களுக்காக எழுதிப் போட்டிருக்கிறார்கள் என்றாள். யார் என்றார். சொல்லக்கூடாது. எதற்காக என்றாவது? அதுவும் சொல்லக்கூடாது. எழுதியவரின் அனுமதி இல்லாமல் அந்தத் தாளில் உள்ள ஒரு வார்த்தைகூட வெளியே போகக்கூடாது. அதிகாரியின் பேச்சை மீறி வந்தவளுக்கு இதை மட்டும் மீற மனம் வரவில்லை. ஆனால் வாசலில் செருப்பு மாட்டும்போது அவளை மீறி வந்துவிட்டது.

"நீங்க சொன்ன மூணுல இல்லைங்க ஐயா."

அவர் கதவைப் பிடித்தபடி, "அப்ப நாலாவது ஒண்ணு இருக்கா?" என்றார்.

பஸ் நிறுத்தத்தில் கைப்பையிலிருந்து போனை எடுத்தாள். மகளிடமிருந்து ஒரு தவறிய அழைப்பு; போனபிறகு அவளே கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. திருப்பி அழைத்தாள். மணி அடித்து அடித்து நின்றது. அங்கே தூங்கப் போயிருக்கலாம். அடுத்த வாரம் மகள் கூப்பிட்டபோது எங்கே போயிருந்தாய் என்று கேட்டாள். ஒரு வேலையாக என்றாள் அம்மா. "ஞாயித்துக்கிழமையுமா?" என்றாள் மகள். சாப்டியா என்று கேட்டாள் அம்மா.

வியாழக்கிழமை பட்டியல் வந்தது. எந்தச் சத்தமும் எழவில்லை. ஒன்றுமே நடக்கவில்லை பார்த்தீர்களா என்றார் கண்ணாடி. அவள் ஆமாம் என்றாள். மருத்துவர் மேடையேறிப் பதக்கம் வாங்கினார். மறுவருடப் பட்டியலும் வந்துபோயிற்று. அந்த முறை ஒவ்வொரு பெயருக்கும் தொழிலை மூன்று தரம் ஒத்துப்பார்த்துவிட்டுத்தான் எண்ணை அழுத்தினாள்.

அதற்கும் சில மாதங்கள் கழித்து ஒருநாள் காலை, வாசல் காவலர் அவளை நிறுத்தி ஒரு தபால் அட்டையைக் கொடுத்தார். பிரிவின் முகவரி சரியாக இருந்தது. பெயருக்குப் பதிலாக, 'டெலிபோனில் கேள்வி கேட்கும் அம்மாவுக்கு' என்று எழுதியிருந்தது. இது யாருக்கு என்று தெரியாமல் நாலு நாளாக மேசை மேசையாகச் சுற்றியதாம். அவள் அங்கேயே நின்று படித்தாள்.

'அம்மா, நாலாவது நேற்று ஞாபகத்துக்கு வந்தது. இங்கே கீழ் வீட்டில் ஒரு குழந்தை மாடி ஜன்னலைப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டிருந்தது. ஐந்தாம் மாடியா? ஆமாம் இல்லை என்று நீங்கள் பதில் எழுத வேண்டாம், உங்களுக்கு அனுமதி இருக்காது. எழுதிப் போட்டது அன்றைய அந்தச் சின்னப் பெண்தான் என்றால், அவளிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள். அந்தக் கதவு ஒருநாளும் சிக்கியதில்லை.'