மஞ்சள் குஷன் வைத்த வெள்ளைக் கார்

என் மகள் பல்கலைக்கழகத்தில் ஒளிபரப்பும் வீடியோ தயாரிப்பும் படிக்கப் போகிறாள் என்று சொன்னபோது, தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்து ஓய்வு பெற்ற பக்கத்து வீட்டு மாமா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"கல்யாண வீட்டுல மாப்பிள்ளைக்கு முன்னால, பின்பக்கமாவே நடந்து போவானே கேமராக்காரன், அதுக்கா மா டிகிரி?"

அதே வருடம் என் அண்ணன் மகளுக்கு அதே பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகம் கிடைத்தது. அதற்கும் மாமா விடவில்லை. "மேனேஜ்மெண்டா? நல்லது லா. தோட்டத்து மேனேஜர் பங்களாவுக்கு எப்ப குடி போறீங்க?"

இந்த மாதிரிப் பேச்சுகளை நான் கீழே விழ விடுவதில்லை. சுங்கை காடுட் தொழிற்சாலைக்குப் போகிற பஸ்ஸில் காலையில் ஒருவர் சொன்னதை, மாலை திரும்புவதற்குள் நாலு பேரிடம் சொல்லிச் சிரித்தால்தான் எனக்கு வேலை செய்த களைப்பே போகும். எங்கள் ரந்தாவ் ஊரைச் சுற்றி எந்தத் தோட்டத்தில் காதுகுத்து, கல்யாணம், கோயில் விருந்து என்றாலும் மைக் என் கைக்கு வந்துவிடும். யாரும் சொல்லித் தந்ததில்லை. பேசிப் பேசி வந்தது.

மைக் பிடிக்கிறவர் எங்கள் பக்கத்தில் பேச மட்டும் மாட்டார். சாப்பிடக் கூப்பிட வேண்டும். காணாமல்போன செருப்புக்கு ஆள் தேட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, வழியை அடைத்து நிற்கும் காரை எடுக்கச் சொல்ல வேண்டும். தாலி கட்டி முடித்த மறு நிமிடமே "நீல கலர் வேன்காரர் எங்கிருந்தாலும் வாசலுக்கு வரவும்" என்று சொன்னவள் நான்.

கடைசி வருடத்தில் மகளுக்கு ஒரு பெரிய தேர்வு. பேனா பிடித்து எழுதுகிற தேர்வு இல்லை. அரை மணி நேர நிகழ்ச்சி ஒன்றை இணையத்தில் நேரடியாக ஒளிபரப்ப வேண்டும். வீடியோ படிப்பவர்கள் படம் பிடிப்பார்கள், நிர்வாகம் படிப்பவர்கள் இடம், ஆதரவாளர், விருந்தினர் எல்லாவற்றையும் ஏற்பாடு செய்வார்கள். கூடப் படிக்கிற பிள்ளைகள் சி ரூசா கடற்கரையில் வைக்கலாம் என்றார்களாம். என் மகள்தான் பிடிவாதமாக எங்கள் தோட்டத்து மண்டபத்துக்குக் கொண்டுவந்தாள். இதில் தேறினால்தான் தலைநகரில் ஒரு தொலைக்காட்சி நிலையத்தில் அவளுக்குப் பேசி வைத்திருந்த பயிற்சி இடம் நிலைக்கும். தேறாவிட்டால் அந்த இடம் வேறு யாருக்கோ போய்விடும். அந்த வாரம் முழுக்க அவள் சோற்றைப் பிசைந்துவிட்டுத் தின்ன மறந்துபோவாள்.

நிகழ்ச்சிக்கு முதல் நாள் ஒரு இடி. நிகழ்ச்சியை நடத்த வேண்டிய பிள்ளைக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. காற்றுதான் வந்தது, குரல் வரவில்லை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மகளும் பார்த்தாள், ஆனால் பல் டாக்டரைப் பார்ப்பதைப் போல.

"அம்மா, மூணே மூணு விஷயம். காரு கிடையாது. செருப்பு கிடையாது. சாப்பிட வாங்க கிடையாது."

"சரி மா."

"காதுல ஒண்ணு மாட்டிவிடுவேன். நான் பேசுறது உங்களுக்குக் கேக்கும். நீங்க பதில் சொல்லக் கூடாது."

"உங்கப்பாகிட்ட இருக்குற மாதிரியா?"

"நீ உல்டாவா சொல்ற," என்றது உள்ளேயிருந்து வீட்டுக்காரர் குரல்.

ஞாயிற்றுக்கிழமை காலை மண்டபம் வேறு ஆளாகிவிட்டது. மூன்று கேமராக்கள். ஒரு மூலையில் மேசை போட்டு, எந்தக் கேமராவின் படம் வெளியே போக வேண்டும் என்று பொத்தான் அழுத்தும் இடத்தில் மகள் உட்கார்ந்தாள். அண்ணன் மகள் கழுத்தில் அட்டை தொங்க அங்குமிங்கும் பறந்தாள். நாற்காலி, தண்ணீர், நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் கொடுத்தவர்களுக்கெல்லாம் நிகழ்ச்சியின் முடிவில் நன்றி சொல்வதாக வாக்குக் கொடுத்திருந்தாள். கார்களைப் பந்து விளையாடும் திடலில் வரிசையாக நிறுத்த வைத்தாள். மதிப்பெண் போட வரும் விரிவுரையாளருக்கு மட்டும் தனி மரியாதை. மண்டப வாசலுக்கு நேரே, பாதை வளைகிற இடத்தில், ரிப்பன் கட்டிய நாற்காலி ஒன்றைப் போட்டு இடம் பிடித்து வைத்திருந்தாள். பெரிய மனிதர் வந்தால் வாசலோடு இறங்க வேண்டும், வெயிலில் நடக்கக் கூடாது. அது எங்கள் ஊர் வழக்கம், அதில் அவளைக் குறை சொல்ல முடியாது.

விரிவுரையாளர் மலாய்க்காரர், சாந்தமான மனிதர். ரிப்பன் நாற்காலியை எடுத்துவிட்டுக் காரை விடச் சொன்னபோது கூச்சத்தோடு சிரித்தார். வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார்.

நிகழ்ச்சி தொடங்கியது. எனக்கு எதிரே விருந்தினராக, பசார் மாலாம் இரவுச் சந்தையில் வடை போடுகிற அக்கா. நான் கேட்டேன், அவர் சொன்னார். "வடையில ஓட்டை எதுக்குன்னு கேக்குறாங்க மா. லாபம் போற வழி அதுதான்," என்றார். மண்டபம் சிரித்தது. காதுக்குள், "நல்லாருக்கு மா, அப்படியே போங்க," என்றாள் மகள். பாதி தூரம் வந்துவிட்டோம். நானே நிம்மதியாக மூச்சு விட்டேன்.

அப்போதுதான் ஹார்ன் அடித்தது.

சின்ன ஹார்ன் இல்லை, எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரியின் ஹார்ன். ஞாயிற்றுக்கிழமை லோரி ஓடாது என்று நினைத்துத்தான் அண்ணன் மகள் அந்த நாளை ஏற்பாடு செய்திருந்தாள். குலை அதிகமாக விழும் பருவம் என்பதால் அன்றைக்கும் ஓடியது. எனக்கு நேரே ஜன்னல். லோரி திரும்ப வேண்டிய வளைவில் ஒரு வெள்ளைக் கார், பின் கண்ணாடியோரம் மஞ்சள் குஷன். மற்ற எல்லாரும் என்னைப் பார்த்து உட்கார்ந்திருந்ததால் அது யார் கண்ணிலும் படவில்லை.

"என்ன சத்தம் அது?" என்றாள் மகள் காதுக்குள். "அம்மா, காரு நிக்குதா? நிக்குதுன்னா தலைய ஆட்டுங்க."

ஆட்டினேன். அதைத் தமக்குத்தான் என்று நினைத்து வடை அக்காவும் திருப்பி ஆட்டினார்.

மறுபடியும் ஹார்ன், இந்த முறை நீளமாக. அக்கா பேசுவது எனக்கே கேட்கவில்லை. இணையத்தில் பார்க்கிறவர்களுக்கு என்ன கேட்டிருக்கும்? மேசைப் பக்கம் பார்த்தேன். ஒரு விரல் பொத்தான் மேல், கண் திரைகளின் மேல், மகள் அசையாமல் இருந்தாள். என் வாயில் அந்த வாக்கியம் தயாராக நின்றது. விழுங்கினேன். வாக்குக் கொடுத்திருந்தேனே.

"கேமரா மூணு, வாசல் பக்கம் திருப்பு," என்றாள். பிறகு, "அம்மா, சொல்லுங்க. எப்பவும் சொல்ற மாதிரியே சொல்லுங்க."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"அன்பான பெரியோர்களே, பின்னால மஞ்சள் குஷன் வச்ச வெள்ளைக் கார், எங்கிருந்தாலும் உடனே வாசலுக்கு வந்து காரை எடுக்கவும். லோரிக்காரர் நமக்காகக் காத்திருக்காரு, குலை காத்திருக்காது." அப்புறம் அதையே மலாயிலும் சொன்னேன்.

கடைசி வரிசையில் விரிவுரையாளர் எழுந்தார். சாவியைத் தேடிச் சட்டைப் பையைத் தட்டினார், கால்சட்டைப் பையைத் தட்டினார், பிறகு ஓடினார். மூன்றாவது கேமரா அவர் கூடவே போயிற்று. கார் பின்னுக்கு நகர்ந்தது, லோரி வளைந்தது, லோரிக்காரர் கையை வெளியே நீட்டி ராஜாவைப் போல அசைத்தார். எல்லாம் நேரடியாகவே போனது.

"அந்த ஓட்டத்தப் பாத்தீங்களா?" என்றார் வடை அக்கா, மைக் முன்னாலேயே. "சாருக்கு ரெண்டு வடை சேத்து எடுத்து வைங்க."

அண்ணன் மகள் தூணுக்குப் பின்னால் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். அவளுடைய சார், அவள் நாற்காலி போட்டுப் பிடித்துவைத்த இடம்.

"ஒரு நிமிஷந்தான் மிச்சம், அம்மா," என்றது காது. நாற்காலிக்காரர், தண்ணீர்க்காரர், நாசி லெமாக்காரர் மூவருக்கும் ஒரே மூச்சில் நன்றி சொல்லி வணக்கம் வைத்தேன். என் வாழ்நாளிலேயே குறைந்த நேரத்தில் முடித்த நன்றியுரை அதுதான்.

விளக்குகள் அணைந்ததும் விரிவுரையாளர் வேர்க்க விறுவிறுக்க உள்ளே வந்தார். நேராக மகளின் மேசைக்குப் போய், மூன்றாவது கேமராவை வாசல் பக்கம் திருப்பச் சொன்னது யார் என்று மலாயில் கேட்டார்.

"நான்தான் சார்."

"அறிவிக்கச் சொன்னதும்?"

"நான்தான்."

அவர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஹார்ன் சத்தத்தை மறைக்கப் பார்ப்பாய் என்று நினைத்தேன். நிகழ்ச்சிக்குள்ளேயே எடுத்துக்கொண்டாய். அதுதான் நேரலை," என்றார். வடை எங்கே என்றும் கேட்டார்.

அவள் தேறினாள். அண்ணன் மகளும் தேறினாள், வாகன நிறுத்தம் பற்றி மட்டும் அவளுக்குத் தனியாக ஒரு குறிப்பு வந்ததாம். மகள் தலைநகருக்குப் போய்விட்டாள். அங்கே பெரிய மேசை, நிறையப் பொத்தான்கள் என்று போனில் சொல்கிறாள். மண்டோர் மாமா இன்னும் பங்களாவைப் பற்றித்தான் விசாரிக்கிறார்.

போன மாதம் ஒரு காதுகுத்து விருந்து. மைக் என் கையில். வாசலை அடைத்து ஒரு சிவப்புக் கார். வாயைத் திறந்தவள் சட்டென்று நின்றேன். காதில் ஒன்றும் மாட்டியிருக்கவில்லை, இருந்தும் அந்தப் பக்கம் கொஞ்சம் தலையைச் சாய்த்துக் காத்திருந்தேன்.

"என்ன அத்தே, காத்து வாங்குறீங்களா?" என்றாள் அண்ணன் மகள். "சொல்லுங்க, சோறு ஆறுது."

சொன்னேன்.