ஆற்றங்கரையில் பக்கத்து இடம்

காலையில் மொன்றியலின் செயின்ட்-மிஷேல் நிலையத்தில் மெட்ரோ புறப்படக் காத்து நிற்கும். நீலப் பாதையின் கடைசி நிலையம் அதுதான் என்பதால் பெட்டிகள் வெறுமையாகவே கிடக்கும். போன மாதம் ஒருநாள் நான் ஏறிய பெட்டியில் ஒரு பெண் மட்டும் இருந்தாள். நேரே போய் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் என்னைப் பார்த்தாள், சுற்றிலும் ஆளில்லாத இருக்கைகளைப் பார்த்தாள், பிறகு தன் பையை எடுத்துக்கொண்டு பெட்டியின் மறுகோடிக்குப் போய்விட்டாள். கனடாவுக்கு வந்து இருபத்து மூன்று வருடமாகிறது, இன்னும் எனக்கு இது பிடிபடவில்லை. மட்டக்களப்பு பஸ்ஸில் ஒருத்தி தனியாக இருக்கும்போது நான் எட்டப் போய் இருந்தால், "என்னகா, என்னோட கோபமா?" என்று கேட்பாள். இங்கே கிட்டப் போனால்தான் கோபம். டவுன்டவுனில் நான் வெங்காயம் வெட்டும் உணவகத்துச் சமையலறைக்குப் போய்ச் சேரும்வரை அன்று அதையே யோசித்துக்கொண்டு போனேன்.

அன்றைக்கு அப்படி யோசித்ததற்குக் காரணம் என் மகள் ஆரணி. அவளுக்கு இருபத்தைந்து வயது. இந்த நாட்டின் மேற்குக் கோடியில், மழை எட்டிப் பார்க்காத ஒரு மேட்டு நிலத்தில், ஓர் ஆற்றில் ஏறி வரும் மீன்களை எண்ணுவது அவளுடைய வேலை. மீன் எண்ணுவதற்குச் சம்பளமா என்று ஊரில் கேட்பீர்கள், நானும் கேட்டேன். இரண்டு வருட ஒப்பந்தம் முடிந்து, இப்போது நிரந்தரமாக நிற்கச் சொல்கிறார்கள். திங்கட்கிழமை பதில் சொல்லவேண்டும். அதற்கு முந்திய வார இறுதிக்கு எங்களை வரச் சொன்னாள். "அம்மா, நீங்களும் அப்பாவும் வந்து மூண்டு நாள் என்னோட இருங்க. எல்லாத்தையும் பாருங்க. நீங்க வேணாமெண்டா நான் திரும்பி மொன்றியலுக்கே வந்திருவன்" என்றாள். சொன்னால் சொன்னபடி செய்யும் பிள்ளை. எனக்கு அவள் தனியாகக் கிடக்கிறாள் என்பதுதான் கவலை. ஆளற்ற இடத்தில் இருந்து இருந்து, அவளும் பக்கத்தில் ஒருவர் வந்தால் பையைத் தூக்கிக்கொண்டு எழும்பிப் போகிறவளாக மாறிவிடுவாளோ என்று பயந்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், 'வேண்டாம்' என்ற சொல்லைப் புட்டு மாவோடும் கறித்தூளோடும் சேர்த்து மொன்றியலிலேயே கட்டி வைத்துவிட்டேன்.

அவளுடைய அறை சிறியது, அதனால் கூடாரம் அடித்துத் தங்குவதாக முடிவாயிற்று. மூன்று இடங்களின் விவரத்தை அனுப்பி, "நீங்களே தெரிவு செய்யுங்க" என்றாள். முதலாவது, ஊரின் ஓரத்தில், சுடுதண்ணீரும் மின்சாரமும் உள்ள இடம், கூடாரங்கள் நெருக்கமாக இருக்கும். இரண்டாவது, மலை விளிம்பில், பார்த்தால் நாலு பக்கமும் தெரியும், குடிக்கத் தண்ணீர் இல்லை. மூன்றாவது, கரடுமுரடான மண் பாதையில் இறங்கிப் போனால் ஆற்றங்கரையில் பதினோர் இடங்கள், ஒரேயொரு குழிக் கழிவறை, தொலைபேசி வேலை செய்யாது. எனக்கு ஒரு நிமிடமும் யோசிக்கத் தேவைப்படவில்லை. சனம் உள்ள முதலாவது இடம்தான் என்றேன். மேல்மாடியில் இருக்கும் யாழ்ப்பாணத்து சறோ அக்கா தேத்தண்ணிக்கு வந்தபோது மூன்றாவதைப் பற்றிச் சொன்னேன். அவ சிரித்த சிரிப்பில் கோப்பை தளும்பிவிட்டது. "குழிக் கக்கூசுக்கும் மண் றோட்டுக்கும் பயந்துதானே பிளேன் ஏறி வந்தனாங்கள். இப்ப காசு குடுத்துத் திரும்பவும் அங்கையோ போறியள்?" என்றா.

என் கணவர் யோகன் மகளுக்குத் தொலைபேசி எடுத்தார். வாவிக்கரையில் பிறந்து, மார்கழி வெள்ளத்தோடு வளர்ந்தவர் அவர். "புள்ள, அந்த ஆத்தில வெள்ளம் வந்தா எதுமட்டும் ஏறும்?" என்று கேட்டார். மறுமுனையில் ஆரணி துள்ளிக் குதித்த சத்தம் எனக்கே கேட்டது. "அப்பா, இங்க தங்க வாற ஒருத்தரும் இதக் கேக்கிறேல்ல. கரையில நிக்கிற மரத்தில பழைய குப்பை சிக்கியிருக்கும், அதுக்கு மேல பாத்து அடிச்சாச் சரி. இப்ப புரட்டாதியில ஆறு இறங்கித்தான் இரிக்கு" என்றாள். பிறகு தகப்பனும் மகளும் அரை மணி நேரம் வெள்ளம் பேசினார்கள். வைத்துவிட்டு வந்து, "இவ்வளவு தூரம் போய் ஆத்தப் பாக்காம வாறதா? மூண்டாவதுதான்" என்றார். மகளின் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்ட பிறகு நானும் சரி என்றேன்.

இடம் தெரிவு செய்வதென்றால் எங்கள் இருவருக்கும் ஒரு பழைய பாடம் உண்டு. போரில் இடம்பெயர்ந்து போய், ஒரு பள்ளிக்கூட வளவில் தறப்பாளின் கீழ் இருந்த காலம் அது. வளவுக்குள் போனதும் என் அப்பா நிழலைத் தேடவில்லை, கிணற்றையும் தேடவில்லை. பக்கத்தில் யார் என்றுதான் முதலில் பார்த்தார். முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தின் தறப்பாளுக்கு அருகே எங்களுடையதை விரித்து, அவர்கள் அடித்திருந்த முளையிலேயே எங்கள் கயிற்றையும் கட்டினார். அங்கே எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். காற்று வந்தால் ஒன்றின் பாரம் மற்றதைப் பிடித்து நிறுத்தும், ஒன்று ஆடினால் அடுத்த வீட்டுக்குத் தெரியும். அந்த முளையின் மறுபக்கத்துக் கயிற்றுக்குச் சொந்தக்காரர்களின் மூத்த மகன்தான் யோகன். காற்று இல்லாத நாட்களிலும் கயிறு சரியாக இருக்கிறதா என்று பார்க்க அடிக்கடி வருவார்.

இரண்டு விமானம் மாறி இறங்கியபோது ஆரணி வாகனத்தோடு நின்றாள். இரண்டு மணி நேர ஓட்டம். பச்சையே இல்லாத மலைகள், சுட்ட அப்பத்தின் ஓரத்து நிறத்தில். வெயிலில் ஏதோ பற்றைச் செடி மணந்தது, மருந்துக் கடைக்குள் நுழைந்த மாதிரி. மண் பாதையில் வாகனம் குலுங்கிக் குலுங்கி இறங்கி, கடைசி வளைவில் ஆறு தெரிந்தபோது, என்னை அறியாமல் "ஐயோ, எவ்வளவு வடிவு!" என்று கத்திவிட்டேன். பதினோர் இடங்களில் பத்து வெறுமையாக இருந்தன. ஆறாவது இடத்தில் ஒரு சிறிய கூடாரமும் ஒரு பழைய வான் வண்டியும் நின்றன, கூடார வாசலில் ஒரு பெண் இருந்தாள். வானின் இலக்கத் தகட்டை எட்டிப் பார்த்தேன். வெள்ளைத் தகட்டில் நீல எழுத்து, கீழே பிரெஞ்சில் 'ஜ மெ சுவியன்', எனக்கு நினைவிருக்கிறது என்று. மொன்றியல் இருக்கும் எங்கள் கியூபெக் மாகாணம்! "நிப்பாட்டு புள்ள! எங்கட ஊர் ஆள் நிக்கிது. ஏழாம் இடத்தில அடிப்பம்" என்றேன். ஆரணி தலையில் கை வைத்தாள். "அம்மா, அவ ஆக்கள் வேணாமெண்டுதான் இங்க வந்திருப்பா" என்றாள். அதற்குள் நான் இறங்கிவிட்டேன்.

அந்தப் பெண்ணின் பெயர் ஷாந்தால், என் வயதுதான் இருக்கும். நான் "பொன்ஜூர்!" என்று கூவியதும், பாலைவனத்தில் அந்தச் சொல்லைக் கேட்ட திகைப்பில் அவளும் சொன்னாள். எந்த ஊர் என்று என் சமையலறைப் பிரெஞ்சில் கேட்டேன். மொன்றியல் என்றாள். நாங்களும் மொன்றியல்தான் என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். மொன்றியலில் எந்த இடம்? எந்தத் தெரு? எந்த மெட்ரோ? மெட்ரோவில் இறங்கி எந்தப் பக்கம்? இருபத்து மூன்று வருடமாக என்னை நிறுத்தி நிறுத்தி எந்த ஊர் என்று கேட்டவர்கள் எல்லோருக்கும் சேர்த்து நான் கேட்டுவிட்டேன் போல. ஷாந்தால் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு, "மதாம், நான் நான்கு நாள் வாகனம் ஓட்டி வந்தது தனியாக இருப்பதற்கு" என்று மரியாதையாகவே சொன்னாள். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அப்போதுதான் பார்த்தேன், யோகன் எங்கள் கூடாரத்தின் கயிற்றை வெகு கவனமாக அவளுடைய முளையில் கட்டிக்கொண்டிருந்தார்.

ஷாந்தால் குனிந்து அந்தக் கயிற்றை அவிழ்த்து யோகனின் கையில் கொடுத்தாள். முளையைப் பிடுங்கினாள். கூடாரத்தை இழுத்துக்கொண்டு ஒன்பதாம் இடத்துக்குப் போய்விட்டாள். ஆரணிக்கு வெட்கத்தில் காது சிவந்துவிட்டது. அவள் தன்னுடைய சின்னக் கூடாரத்தை எங்களிடமிருந்து முப்பது அடி எட்டத்தில் அடித்தாள். அதைப் பார்க்கத்தான் எனக்கு வலித்தது. ஷாந்தால் பிறத்தி ஆள், இவள் நான் பெற்ற பிள்ளை அல்லவா? இரவு புட்டும் மீன் கறியும் சமைத்து ஒரு கோப்பையில் ஷாந்தாலுக்கும் கொண்டுபோய் வைத்தேன். "மெர்சி" என்றாள். 'வேண்டாம்' என்ற சொல்லை நான் இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டு படுத்தேன்.

அடுத்த நாள் ஆரணி எங்களை ஆற்றுக்குள் இறக்கி மீன் காட்டினாள். செவ்விளநீர் நிறத்தில் மீன்கள் எதிர் நீரில் ஏறிக்கொண்டிருந்தன. யோகன் முழங்கால் தண்ணீரில் நின்று, பிடிக்கக்கூடாத மீன்களைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். பின்னேரம் திரும்பி வரும்போது ஆரணி திடீரென்று நின்று பள்ளத்தாக்கைப் பார்த்தாள். "அப்பா, காத்து வருது, ஓடுங்க!" என்றாள். எனக்கு ஓர் இலை அசைவதும் தெரியவில்லை. ஆனால் நாங்கள் வந்து சேரவும், மணலை வாரிக்கொண்டு காற்றும் வந்து சேர்ந்தது. அவர்கள் இருவரும் எங்கள் கூடாரத்தைப் பிடிக்க, நான் ஒன்பதாம் இடத்தைப் பார்த்தேன். ஷாந்தால் மலையில் நடக்கப் போயிருந்தாள். அவளுடைய கூடாரத்தின் இரண்டு முளைகள் கழன்று, அது ஆற்றுப் பக்கமாக எழும்பிக்கொண்டிருந்தது. நான் ஓடிப்போய் வாசலைத் திறந்து, உள்ளே விழுந்து, நடுவில் சப்பாணி கட்டி உட்கார்ந்துவிட்டேன். "விடாத! உன்ட உடம்பு இண்டைக்குத்தான் உதவுது!" என்று யோகன் அங்கிருந்து கத்தினார்.

எவ்வளவு நேரம் இருந்தேனோ தெரியாது. காற்று தணியத் தொடங்கும்போது, மண் அப்பிய முகத்தோடு ஷாந்தால் வாசலில் குனிந்து பார்த்தாள். "மதாம், என் கூடாரத்துக்குள் என்ன செய்கிறீர்கள்?" என்றாள். காற்று, முளை, பறத்தல் எதற்கும் எனக்குப் பிரெஞ்சு வரவில்லை. "உட்கார்ந்திருக்கிறேன்" என்றேன். அவள் கழன்று கிடந்த முளைகளைப் பார்த்தாள், ஆற்றைப் பார்த்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். சிரித்துக்கொண்டே உள்ளே வந்து, தோளோடு தோள் இடிக்க என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் கேட்காமலே, தான் இருப்பது வெர்டனில் என்றும், மெட்ரோவில் இறங்கி இடது கைப் பக்கம் இரண்டாவது தெரு என்றும், கீழ்வீட்டில் பாண் சுட்டு விற்கும் ஒரு கடை உண்டென்றும் சொன்னாள். நான் கைதட்டிச் சந்தோஷப்பட்டேன்.

வெளியே வந்தபோது மண் பாதையில் ஒரு பிக்கப் குலுங்கி இறங்கி வந்தது. பக்கத்து ஊரில் கடை வைத்திருக்கும் பெண்ணாம். இருபது கிலோமீற்றர் தூரம். கண்ணாடியை இறக்கி, "ஆரணி, எல்லாரும் நல்லா இருக்கிறீங்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். மொன்றியல் பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டு வருடமும் பிரெஞ்சு நாக்குகளில் 'அஹனி'யாக இருந்த என் பிள்ளையின் பெயரை இந்த வெள்ளைக்காரி தெளிவாகச் சொன்னாள். எங்களுக்குக் கை அசைத்துவிட்டு, வந்த பாதையாலேயே ஏறிப் போய்விட்டாள். "இவ எதுக்கு வந்த?" என்று மகளிடம் கேட்டேன். "காத்து அடிச்சா வந்து பாப்பாங்க அம்மா. போன் வேல செய்யாதுதானே. நானும் மத்தவங்களப் போய்ப் பாப்பன். இங்க அப்படித்தான்" என்று சாதாரணமாகச் சொன்னாள். இங்குள்ளவர்கள் எட்டத்தில்தான் இருக்கிறார்கள். ஆனால் ஒன்று ஆடினால் அடுத்த வீட்டுக்குத் தெரிகிறது. மொன்றியலிலிருந்து நான் கட்டிக்கொண்டு வந்த சொல் அந்த இடத்திலேயே அவிழ்ந்துபோயிற்று.

யோகன் ஓர் இரும்பு முளையைக் கல்லால் அடித்து ஆழமாக இறக்கினார். ஷாந்தால் தன் கூடாரத்தை ஆறாம் இடத்துக்கே இழுத்து வந்து, கயிற்றின் நுனியை அவரிடம் நீட்டினாள். கொஞ்ச நேரத்தில் ஆரணியும் தன்னுடையதைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஒரே முளையில் மூன்று கயிறுகள். முடிச்சை இறுக்கிக்கொண்டிருந்த மகளிடம், "திங்கக்கிழம ஓம் எண்டு சொல்லு புள்ள" என்றேன். அவள் கயிற்றை விட்டுவிட்டு என்னைக் கட்டிக்கொண்டாள். சந்தோஷமாகத்தான் இருந்தது. பிள்ளையைத் தூரத்தில் விட்டுப் போகிற துக்கமும் சேர்ந்து வந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வரும் என்று எனக்குத் தெரியும், நான் ஊரை விட்டுப் புறப்பட்ட அன்று விமான நிலையத்தில் என் அம்மாவின் முகத்தில் அதைப் பார்த்திருக்கிறேன்.

புறப்படும்போது அந்த முளை வரமாட்டேன் என்றது. யோகன் இழுத்துக் களைத்துவிட்டார். "விடுங்கப்பா, கிடக்கட்டும். நான் இங்கதானே இரிக்கப் போறன்" என்றாள் ஆரணி. நான் எங்கள் கயிற்றை மட்டும் அவிழ்த்துச் சுருட்டிப் பெட்டிக்குள் வைத்தேன். இப்போது அது செயின்ட்-மிஷேலில் எங்கள் பல்கனியில் உடுப்புக் காயப்போடும் கொடியாக இருக்கிறது. காற்று எழும்பினால் வேலையை விட்டுவிட்டு ஓடிப்போய் அதைப் பிடித்துப் பார்க்கிறேன். எதிரே இருக்கும் கம்பத்தில் நானே கட்டிய கயிறுதான். ஆனாலும் மறுமுனையை மேற்கிலிருந்து யாரோ இழுக்கிறார்கள்.