போனில் வந்த பத்திரிகை

எங்கள் பக்கம் கல்யாணப் பத்திரிகையைப் பிரிக்காமல் வைக்க முடியாது. முகூர்த்த மாதம் வந்துவிட்டால் கருமத்தம்பட்டியில் என் வீட்டு டீப்பாய்மேல் பத்திரிகைகள் குவிந்து கிடக்கும். யார் வீட்டுக் கல்யாணம், எந்த மண்டபம் என்று பார்த்து வைத்துக்கொண்டு, தூரத்து உறவாக இருந்தாலும் ஓர் எட்டுப் போய் முகம் காட்டிவிட்டு வர வேண்டும். விட்டுவிட்டால் அடுத்த விசேஷத்தில் மூஞ்சியைத் திருப்பிக்கொள்வார்கள். எங்களுடைய இந்தப் பயத்தை எவனோ ஒருவன் எங்கேயோ உட்கார்ந்துகொண்டு நன்றாகப் படித்து வைத்திருக்கிறான்.

அன்று காலை தறிக்குடோனில் இருந்தேன். விசைத்தறி ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் கத்துவதே காதில் விழாது, போன் மணி எங்கே கேட்கப்போகிறது? அதனால் அவ்வப்போது எடுத்துத் திரையைப் பார்த்துக்கொள்வேன். எனக்கு நூல் வாங்கித் தரும் ஏஜென்ட்டின் நம்பரிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒன்று வந்திருந்தது. 'எங்கள் இல்லத் திருமணம், அவசியம் வரவும்' என்று எழுதி, கீழே ஒரு ஃபைல். தொட்டேன். தெரியாத இடத்திலிருந்து வரும் ஆப்பை ஏற்றிக்கொள்ள அனுமதிக்கலாமா என்று போன் கேட்டது. ஒரு பத்திரிகையைப் பார்க்க இத்தனை விசாரணையா என்று எரிச்சலோடு அனுமதித்தேன். மெசேஜ்களைப் படிக்கலாமா என்று அடுத்த கேள்வி. படித்துக்கொள் போ என்று அதற்கும் சரி போட்டேன். தட்டோடு வாசலில் நிற்பவரை நீ யார், எதற்கு வந்தாய் என்று கேட்கிற வழக்கம் எங்களுக்குக் கிடையாதே. கடைசியில் பத்திரிகை ஒன்றும் திறக்கவில்லை. அதற்குள் நூல் அறுந்து ஒரு தறி நின்றது. போனைப் பையில் போட்டுக்கொண்டு அதைக் கவனிக்கப் போய்விட்டேன்.

அப்போது என் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. உறவு மொத்தமும் எங்கள் பத்திரிகைக்காகத்தான் காத்துக்கொண்டிருந்தது. அதுவோ அச்சுக்கே போகவில்லை. பெரியப்பா பெயர் மேலே வருவதா, தாய்மாமன் பெயர் மேலே வருவதா என்று என் வீட்டில் நடந்த வழக்கில் இன்னும் தீர்ப்பு வரவில்லை.

மதியம் டீ குடிக்க வெளியே வந்தபோது போன் அடித்தது. அக்கா. கிணத்துக்கடவில் தென்னந்தோப்புக்கு நடுவே அவள் வீடு. என்னைவிட மூத்தவள், என்னைத் தூக்கி வளர்த்தவள். 'கண்ணு' என்று ஆரம்பித்தால் எல்லாம் நலம் என்று அர்த்தம். எனக்கு மரியாதை கொடுத்துப் பேசினால் நான் எங்காவது ஓடி ஒளிந்துகொள்வது நல்லது.

"ஏனுங்க, பெரிய மனுசருங்களா? உங்க ஊட்டுப் பத்திரிகை வந்து சேந்துதுங்க. போன்ல."

"எந்தப் பத்திரிகைங்க அக்கா? இன்னும் அடிக்கவே குடுக்கலீங்களே."

"அப்ப உங்க நம்பர்ல இருந்து வந்தது என்னங்க, தேங்கா வெலையா? கூடப் பொறந்தவள நேர்ல வந்து கூப்பிட உங்களுக்கு நேரமில்லீங்க. போன்ல ஒரு தட்டுத் தட்டி அனுப்பிச்சுப்போட்டீங்க. நான் அதத் தொறக்க மாட்டேனுங்க. தொறந்தா கூப்பிட்டத ஏத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்."

வைத்துவிட்டாள். டீ கிளாஸைக் கீழே வைத்தேன். வாட்ஸ்அப்பைத் திறந்தேன். உங்கள் நம்பர் வேறொரு போனில் ஓடுகிறது என்று சொல்லி என்னை வெளியே நிறுத்தியிருந்தது. என் வீட்டுக்குள் எவனோ புகுந்து, என் சட்டையைப் போட்டுக்கொண்டு, வாசலில் நின்று எல்லாரையும் வாங்க வாங்க என்று கூப்பிடுகிறான் என்பது அப்போதுதான் புரிந்தது.

மகள் கோயமுத்தூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அவளைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன்.

"அப்பா, காலைல வந்ததத் தொறந்தீங்களா?"

"தொறந்தேன் அம்மணி. ஒண்ணுமே வல்ல."

"வரவேண்டியது வந்துருச்சுங்கப்பா. அது பத்திரிகை இல்ல, உங்க மெசேஜையெல்லாம் படிச்சு ஓடிபிய எடுத்துக் குடுக்கற ஆப்பு. மொதல்ல நெட்ட ஆஃப் பண்ணுங்க. சிம்மக் கழட்டிட்டு ஊட்டுக்குப் போங்க. அம்மா போன்ல இருந்து பேங்க்குக்குப் பேசிக் கணக்க நிறுத்தி வெக்கச் சொல்லுங்க. அப்பறம் என்னயக் கூப்பிடுங்க."

திட்டவில்லை. இப்படி வருவதைத் தொடாதீர்கள் என்று எத்தனை முறை அவள் சொல்லி நான் காதில் வாங்காமல் விட்டிருக்கிறேன். அவள் திட்டியிருந்தால் அன்று எனக்குக் கைகால் ஓடியிருக்காது. அந்தப் பொறுமைக்கு இன்றும் அவளுக்குக் கடன்பட்டிருக்கிறேன்.

வங்கியில் கணக்கை நிறுத்தினோம். என் சிம்மை மனைவியின் பழைய போனில் போட்டு, மகள் சொல்லச் சொல்ல வாட்ஸ்அப்பை மீட்டோம். மறுபடி யாரும் நுழையாதபடி அதற்கென்று ஒரு ரகசிய எண்ணும் போட்டோம். அப்பாடா என்று உட்காரும்போதுதான் சத்தியமங்கலம் சித்தி ஞாபகம் வந்தது.

சித்தி தனியாக இருக்கிறார். சித்தப்பா போன பிறகு வரும் பென்ஷன்தான் அவருக்குச் சோறு, மருந்து, எல்லாம். வெயிலில் பஸ் ஏறி வங்கிக்கு அலைய வேண்டாமே என்று அதை அவர் போனிலேயே பார்க்கும்படி நான்தான் செய்து கொடுத்தேன். கூடவே ஒரு புத்திமதியும் சொல்லியிருந்தேன். கண்டவர் அனுப்புவதைத் தொடாதீர்கள், நான் அனுப்பினால் மட்டும் யோசிக்காமல் திறங்கள். அப்படியே மனப்பாடம் செய்து வைத்திருந்தார். ஆக, உலகத்திலேயே அவர் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிற ஒரே நம்பரிலிருந்து அந்தப் பத்திரிகை போயிருக்கிறது.

கூப்பிட்டேன். வேறொருவரோடு பேசிக்கொண்டிருக்கிறார் என்றது. திரும்பக் கூப்பிட்டேன். அதே பதில். வங்கிக்காரன் என்று சொல்லி எவனாவது பேசிக்கொண்டிருக்கிறானோ என்று மனம் கண்டபடி ஓடியது. மனைவி தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள், நான் தொடவில்லை. ஒருவழியாக எடுத்தார்.

"சித்தி, என்கிட்ட இருந்து பத்திரிகை ஒண்ணு வந்துதுங்களா?"

"வந்துது கண்ணு. கல்யாணப் பத்திரிகைன்னு நெம்பச் சந்தோசமாத் தொட்டேன். அது என்னமோ அனுமதி கேட்டுது. எழுத்துத் தெரியல, கண்ணாடிய எடுத்துட்டு வந்து படிக்கலாம்னு போனேன். அதுக்குள்ள உங்க அக்கா கூப்பிட்டுப்போட்டா."

"அக்காவா? என்ன சொன்னாங்க?"

"என்ற தம்பி எல்லாரையும் போன்லயே கூப்பிட்டு முடிச்சுப்போட்டான், அவன் நேர்ல வந்து தட்டு வெக்கற வரைக்கும் நம்ம சனத்துல ஒருத்தரும் அதத் தொறக்கக் கூடாதுன்னா. தொறந்தா இனிமே என்ற ஊட்டுப் படி ஏறாதீங்கன்னுட்டா. எனக்கு எதுக்கு கண்ணு வம்பு? அப்படியே மூடி வெச்சுட்டேன். இத்தன நேரம் அவதான் உன்னயத் திட்டீட்டு இருந்தா."

எனக்கு அழுகை வந்துவிட்டது. சித்தியிடம் விஷயத்தைச் சொல்லி, வந்ததை அழிக்கச் சொன்னேன். பிறகு வரிசையாக ஒவ்வொரு சொந்தக்காரரையும் கூப்பிட்டேன். எல்லார் வீட்டிலும் ஒரே பதில். தொறக்கலீங்க, அக்கா சொல்லிப்போட்டாங்க. சிலர் கொஞ்சம் கோபமாகவே சொன்னார்கள். அந்தக் கோபத்தைக் கேட்கக் கேட்க எனக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. கோபத்தில் போனை எடுத்த அக்கா, என்னைப் பற்றிக் குறை சொல்லியே, நான் ஓடி ஓடிச் சேர முடியாத வீடுகளுக்கெல்லாம் எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தாள்.

அக்காவின் அதிகாரம் செல்லாத நூல்காரர்களில் ஒன்றிரண்டு பேர் திறந்துவிட்டிருந்தார்கள். மகளைப் பேச வைத்து அவர்கள் போனையும் சரிசெய்தோம். ஏஜென்ட் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். அவருக்கும் யாரோ ஒருவர் வீட்டுக் கல்யாணம் வந்திருக்கிறது, அவரும் மறுக்க முடியாமல் திறந்திருக்கிறார். அவர்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. நாங்கள் எல்லாரும் ஒரே மண்டபத்துக் கூட்டம்தானே.

பத்திரிகை அச்சாகி வந்தது. குலதெய்வத்துக்கு வைத்துவிட்டு, நானும் மனைவியும் நேரே கிணத்துக்கடவுக்குப் போனோம். வெற்றிலை, பாக்கு, பழம், பூவோடு தட்டை நீட்டினேன். அக்கா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நடந்தது என்னவென்று போனில் முன்பே சொல்லியிருந்தேன், ஆனாலும் தட்டு வராமல் கோபம் இறங்காது என்று அவள் முடிவு செய்திருந்தாள் போலிருக்கிறது. எங்கள் வீட்டில் கூடப் பிறந்தவர்களுக்குள் நன்றி சொல்லும் பழக்கமில்லை. அன்றைக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"அக்கா, அன்னிக்கு நீங்க கோவிச்சுக்கலீன்னா சித்தி கதி என்னாயிருக்குமோ. என்னய நம்புன அத்தன பேரையும் நீங்கதான் காப்பாத்துனீங்க. நம்ம ஊட்டுக் கல்யாணத்துல நான் தலை நிமிந்து நிக்கறனா, அது உங்களாலதானுங்க. நெம்ப நன்றிங்க அக்கா."

அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டை வாங்கினாள்.

"நன்றியெல்லாம் போன்லயே சொன்னாப் போதும் கண்ணு. கூப்பிடறதுக்குத்தான் நேர்ல வரோணும்."