இலங்கைச் சரித்திரத்தின் கடைசிப் பாரம்

1. மிஷினை நிறுத்திய காலை

முதலாளி சொல்லாமல் மிஷினை நிறுத்தினால் அன்றோடு வேலை போய்விடும். நாகர்கோவில் வடசேரி அச்சுக்கூடத்தில் ஈய எழுத்துக் கோர்க்கும் கம்போசிட்டராகச் சேர்ந்த அன்றே என்னிடம் இதைச் சொல்லித்தான் உள்ளே விட்டார்கள். ஆறு வருஷம் அதை மீறவில்லை. ஐம்பத்திரண்டில் ஒரு காலையில் மீறினேன்.

அப்போது மிஷினில் ஓடிக்கொண்டிருந்தது ஓர் இலங்கைச் சரித்திரப் புத்தகம். எழுதியவர் இரணியல் வேலப்பன் வாத்தியார். இலங்கை மலைநாட்டில் அட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் பாடம் நடத்திவிட்டு, மனைவி இறந்தபின் ஊர் திரும்பியவர். நம்மூர்ப் பிள்ளைகளுக்குத் துணைப்பாடமாக இருக்கட்டும் என்று எழுதியிருந்தார். கறுவாப்பட்டைக்காகப் போர்த்துக்கீசப் பறங்கிகள் வந்து கரையோரத்தைப் பிடித்தது, ஒல்லாந்தர் என்ற டச்சுக்காரர்கள் அவர்களைத் துரத்தியது, பிறகு வந்த இங்கிலீஷ்காரர்கள் கண்டி ராஜ்யத்தையும் எடுத்துக்கொண்டு மலைக்காடுகளை அழித்துத் தேயிலை போட்டது, அந்த வேலைக்கு இக்கரை ஜனங்களைக் கொண்டுபோனது எல்லாம் வரிசையாக இருந்தன. எழுத்தெழுத்தாகக் கோர்த்தவன் நான்.

கடைசி அதிகாரம் சுதந்திரம். 'தீவில் பிறந்த அனைவரும் இனி தீவின் மக்களே' என்று முடித்திருந்தார். அவருடைய ஒரே மகள் பகவதி அங்கேயே பிறந்து, அங்கேயே கட்டிக்கொடுக்கப்பட்டவள். சுதந்திரத்துக்குப் பின் வந்த சட்டப்படி அவளும் மாப்பிள்ளையும் குடியுரிமைக்கு எழுதிப்போட்டிருந்தார்கள். கிடைத்துவிடும் என்று வாத்தியார் நம்பியிருந்தார்.

தாளை மடித்தால் வரும் பதினாறு பக்கத்தை நாங்கள் ஒரு பாரம் என்போம். கடைசிப் பாரம் மிஷினில் ஏறி அரை மணி நேரம்கூட ஆகவில்லை. வாத்தியார் சட்டை நனைய வேர்த்து உள்ளே வந்தார்.

"மக்கா, கடைசி அதிகாரம் அச்சாயிட்டா?"

"ஓடிக்கிட்டிருக்கு சார்."

"அது பொய்யாக்கும்."

பகவதியின் கடிதத்தை நீட்டினார். விண்ணப்பம் தள்ளுபடி. மாப்பிள்ளை இத்தனை வருஷம் தொடர்ந்து அங்கே இருந்ததற்கு அத்தாட்சி கேட்டிருக்கிறார்கள். தோட்டத்துப் பழைய பதிவேட்டில் பாதி செல்லரித்துப்போயிருந்தது. அவர் பெயர் அந்தப் பாதியில்.

நான் மிஷின்மேன் தாசையாவைப் பார்த்தேன். "நிறுத்தும் அண்ணாச்சி" என்றேன். ஒரு நொடி தயங்கிவிட்டு நிறுத்தினார்.

2. ஒரே ஒரு திருத்தம்

சத்தம் நின்றதும் முதலாளி வந்துவிட்டார்.

"ஏலே, எவம்லே நிறுத்தச் சொன்னது?"

"நாந்தான் மொதலாளி."

வாத்தியார் குறுக்கே வந்தார். "அவன ஏசாதேயும். எனக்கு வேண்டியாக்கும் நிறுத்தினான். கடைசி அதிகாரத்த மாத்தணும்."

கடிதத்தை முதலாளியும் படித்தார். குரல் இறங்கியது. "ஓய் வாத்தியாரே, சங்கடந்தான். ஆனா இது பள்ளிக்கூடத்துக்குள்ள புஸ்தகமாக்கும். வீட்டுக் கஷ்டத்தச் சரித்திரத்துல எழுதினா சர்க்காருல எவன் ஒப்புவான்?"

"ஒப்பாட்டாப் போறான். ஒல்லாந்தன் தோம்புன்னு ஒரு ஏடு வச்சு, ஊரூரா ஆளு பேரு எழுதினான். வரி பிரிக்கத்தான் எழுதினான். ஆனாலும் எழுதினான். எம் மவளுக்க பேரு இப்ப எந்த ஏட்டுலயும் இல்ல. எம் புஸ்தகத்துலயாவது இருக்கட்டும்."

முதலாளி கடிதத்தை மடித்து வாத்தியாரிடம் திருப்பிக் கொடுத்தார். "உச்சைக்கு முன்ன எழுதித் தாரும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வாத்தியார் காகிதக் கட்டின்மேல் உட்கார்ந்து எழுதினார், அடித்தார், மறுபடி எழுதினார். எல்லாம் வசவாகவே வந்தது. "ஒண்ணும் ஓடல்ல மக்கா" என்றார்.

"சார், கண்டி ராஜாவப் பிடிச்சுக்கொண்டுபோனத எழுதும்போ நீங்க யாரையும் ஏசல்லியே. நடந்ததத்தானே எழுதினீங்க? இதையும் அப்படி எழுதுங்க."

என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அரைப்பக்கம் நிற்காமல் எழுதினார். 'இத்தீவில் பிறந்தவள் பகவதி. அவளுடைய இரு பிள்ளைகளும் அங்கேயே பிறந்தார்கள். அவள் கணவனோடு சேர்த்து நான்கு பேரும் இன்றும் மலைநாட்டில் வசிக்கிறார்கள். அவர்கள் எந்த நாட்டினர் என்று இதுவரை யாரும் சொல்லவில்லை.'

ராஜாக்கள், தேசாதிபதிகள் பெயரை எத்தனையோ கோர்த்திருக்கிறேன். உயிரோடு இருக்கும் ஒருத்தியின் பெயரைச் சரித்திரத்தில் கோர்த்தது அன்றுதான்.

முதலாளி புரூஃபைப் பென்சிலோடு படித்தார். ஒரு துணைக்கால் விட்டுப்போயிருந்தது. அதை மட்டும் போட்டுக் கையெழுத்து வைத்தார். "இனி நிறுத்தணும்னா எங்கிட்ட கேட்டுட்டு நிறுத்துலே" என்று புரூஃபை என் கையில் தந்தார்.

3. சீட்டு

சர்க்கார் புத்தகத்தைப் பள்ளிகளுக்கு எடுக்கவில்லை. வாத்தியார் துணிப்பையில் சுமந்து, பூதப்பாண்டி, தோவாளை என்று வாசகசாலைகளுக்குக் கொடுத்துவந்தார். மகளுக்கும் ஒரு பிரதி அனுப்பினார்.

இரண்டு வருஷம் கழித்துப் பகவதியும் குடும்பமும் அங்கே இருக்க வழியில்லாமல் தலைமன்னாரில் கப்பலேறி, தனுஷ்கோடி வழியாக வந்து சேர்ந்தார்கள். வாத்தியார் அவளை அச்சுக்கூடத்துக்கு அழைத்துவந்தார். "சொந்த நாட்டுக்கு வந்தாச்சு, சமாதானந்தானே?" என்று வாய்க்கு வந்ததைக் கேட்டுவிட்டேன்.

"இது அப்பாவோட ஊருங்கண்ணே" என்றாள் அவள். "எங்க ஊரு அங்க. எப்ப திரும்பிப் போறோம்னு பிள்ளைங்க தினமும் கேக்குதுங்க."

உட்கார முக்காலியை இழுத்துப் போட்டேன். அவளே பேச்சை மாற்றினாள். "புத்தகத்துல நாங்க இன்னும் அங்கதான் இருக்கோம்னு இருக்குங்க. அதை மாத்தணும்."

மீதிப் பிரதிகளில் ஒட்ட ஒரு சீட்டு அடிப்பது என்று முடிவாயிற்று. 'பகவதியின் குடும்பம் தீவைவிட்டு வந்துவிட்டது' என்று ஒரு வரி. வழக்கம்போல் மேலே 'பிழைதிருத்தம்' என்று கோர்த்தேன். புரூஃபைப் பார்த்த வாத்தியார் வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"எழுதினப்ப அது பிழையில்லல்லா மக்கா? இது அதுக்குப் பொறவு நடந்ததாக்கும்."

தலைப்பைப் பிரித்து 'பின்பு நடந்தது' என்று மாற்றினேன். பகவதி பசை தடவ, நான் ஒட்டினேன்.

ஐம்பத்தாறில் நம் ஊர்களே திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து சென்னை ராஜ்யத்துக்கு மாறின. பூகோளப் புத்தகங்களுக்கெல்லாம் சீட்டு அடிக்க ஆட்கள் வந்தார்கள். பிழைதிருத்தமா, பின்பு நடந்ததா என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுவிட்டுத்தான் தலைப்பைக் கோர்த்தேன். அச்சு வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வதும் அதுதான். பிழை நாம் செய்தது, அதைத் திருத்திவிடலாம். பின்பு நடந்ததைத் திருத்த முடியாது. பெயரைச் சரியாகப் போட்டு எழுதிவைக்க மட்டுமே முடியும்.