காலின் பெட்டியில் ஒன்றுமில்லை

பெட்டியைத் திறப்பதற்கு முன் மெர்வ் கில்கோர் மூடியில் இரண்டு தட்டுத் தட்டுவார், தூங்குகிறவனை எழுப்புவது போல. "என்னப்பா ஸ்டான், ஏதாவது வந்துச்சா?" பிறகு ஒரு முழங்காலை மடித்து, சற்று யோசித்து மற்றதையும் மடித்து, ஈரப் பாசியில் மண்டியிட்டு மூடியைத் தூக்குவார். உள்ளே கம்பிப் பொறியில் எலி கிடந்தால் வாலைப் பிடித்துப் பெரணிப் புதருக்குள் வீசுவார். பொறி சும்மா கிடந்தால் முகம் மலரும். "ஸ்டானுக்கு இன்னிக்கு லீவு" என்பார்.

ஸ்டான் இறந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது.

மில் ரோட்டின் முடிவிலிருந்து ஓடையோரமாக மலைக்குள் ஏறும் பாதையில் மொத்தம் நாற்பத்தொரு பெட்டிகள். காட்டுப் பறவைகளை எலிகளிடமிருந்து காக்கும் ஊர்ப் பறவைக் குழு அவற்றுக்கு எண் கொடுத்திருந்தது. எண்கள் மனதில் நிற்கவில்லை என்று மெர்வ் வெள்ளைப் பெயின்ட் வாங்கி வந்து, மரமறுக்கும் மில்லில் தன்னோடு வேலை பார்த்தவர்களின் பெயர்களை மூடிகளில் எழுதிவிட்டார். யாருக்கு எந்த இடம் என்பதிலும் ஒரு நியாயம் வைத்திருந்தார். குடிகாரன் ரெக்ஸுக்கு ஓடைக்குப் பக்கத்தில். யாரோடும் ஒத்துப்போகாத மேஸ்திரிக்கு மேட்டுக்கு மேலே, தனியாக.

செவ்வாய்க்கிழமைதோறும் அவரோடு நடப்பவள் நைரி. ஐம்பத்திரண்டு வயது, மற்ற நாட்களில் வேனில் தபால் கொண்டுபோகிறவள். கைப்பேசியில் கணக்கைப் பதிவதும் அவள் வேலை, ஏனென்றால் மெர்வின் கட்டைவிரல் ஒரே சமயத்தில் மூன்று எழுத்துகளை அழுத்தும். குழுவுக்குப் புதிய செயலாளராக பிரிட்ஜெட் வந்த மாதம், பட்டியலைப் பார்த்துவிட்டு மெர்வுக்கு ஃபோன் செய்தாள். காலின் என்பவர் ஒரே வாரத்தில் ஏழு எலி பிடித்திருக்கிறாராம், நன்றிக் கடிதம் அனுப்ப விலாசம் வேண்டுமாம். மெர்வ் யோசிக்கவே இல்லை. "கல்லறைத் தோட்டம், மூணாவது வரிசை, வேலியோரம்." அந்தப் பெண் முழுவதையும் எழுதிக்கொண்டாள் என்பதைச் சொல்லும்போதெல்லாம் நைரிக்கு இன்றும் சிரிப்பு வரும்.

இரை, முழுக் கடலை கடிபடும் பீநட் பட்டர். மழமழப்பானதை அவர் வாங்கமாட்டார். எலிக்கும் பல் இருக்கிறதல்லவா என்பார். பொறிக்கு ஒரு கரண்டி தடவினால் கரண்டியில் மிஞ்சியது அவர் வாய்க்கு. அதைக் கண்டதிலிருந்து அவர் வெண்ணெய் தடவிக் கொடுக்கும் ஸ்கோன் ரொட்டியை நைரி தொடுவதில்லை. சரியாகப் பத்து மணிக்கு எங்கே இருந்தாலும் உட்கார்ந்து ஃப்ளாஸ்க்கைத் திறப்பார். மில் மூடி நாற்பத்தைந்து வருடமாகிறது. அதன் சங்கு இன்னும் அவர் உடம்புக்குள் எங்கோ ஊதுகிறது.

பதினைந்து வயதில் வேலைக்குப் போனார். பெரிய வட்ட ரம்பத்தின் ஒரு பக்கம் அவர், எதிர்ப்பக்கம் காலின். பத்து மணிக்குச் சங்கு ஊதி ரம்பம் நின்றதும், அந்தப் பத்து நிமிட அமைதியில் விளிம்புக் காட்டிலிருந்து தீத்திபோனாமுவின் குரல் வருமாம். கட்டைவிரல் அளவே உள்ள, வாலில்லாத பச்சைக் குருவி. ஊசி முனை போல மெல்லிய குரல். காலின் தன் ரொட்டித் துணுக்கை விரலில் ஏந்தி அதைக் கூப்பிடுவான். அது ஒருநாளும் வந்ததில்லை, அவனும் விட்டதில்லை. வருடம் ஏற ஏற அந்தக் குரல் குறைந்தது. வெட்டியது போக மிஞ்சிய மரப்பொந்துகளில் எலி ஏறி, முட்டையையும் அடைகாக்கும் தாயையும் சேர்த்துத் தின்றது. ரம்பம் மெர்வின் காதைத் தின்றது. "குருவி மொதல்ல போச்சா, காது மொதல்ல போச்சான்னு எனக்கே தெரியாது" என்று ஒரே ஒருமுறை நைரியிடம் சொல்லியிருக்கிறார், ஃப்ளாஸ்க்கின் மூடியைத் திருகிக்கொண்டே.

ஆஸ்பத்திரியில் கொடுத்த காது மிஷின் விசிலடிக்கிறது என்று அதைச் சட்டைப் பையில்தான் வைத்திருப்பார். "ஏன்யா, உன் பாக்கெட்டுக்கா காது கேக்கல?" என்பாள் நைரி. அதுவும் அவருக்குக் கேட்காது. பக்கத்தில் நின்று உரக்கச் சொன்னால்தான் உண்டு.

இந்த அக்டோபரில் குழு ஒரு முடிவெடுத்தது. மெர்வின் பாதையில் எலி குறைந்துவிட்டது உண்மைதான். ஆனால் மூன்று வருடமாக ஒரு தீத்திபோனாமுவைக்கூட யாரும் பார்க்கவில்லை, கேட்கவில்லை. கிழக்குப் பள்ளத்தாக்கில் குருவிகள் இருக்கின்றன, பெட்டிகள் போதவில்லை. ஆகவே மாதக் கடைசியில் நாற்பத்தொன்றையும் எடுத்து அங்கே வைப்பது. கூட்டத்தில் பிரிட்ஜெட் பக்குவமாகத்தான் சொன்னாள். மெர்வ் "நியாயம்தானே" என்றார். நாற்காலிகளை அடுக்கிவைக்க உதவிவிட்டுப் போனார்.

அடுத்த செவ்வாயன்று அவர் எந்த மூடியையும் தட்டவில்லை. ஸ்டானுக்கு லீவு என்றும் சொல்லவில்லை. நைரி நான்கைந்து கேலி செய்து பார்த்தாள், ஒன்றும் எடுபடவில்லை. பத்து மணிக்குக் காலினின் பெட்டிக்கு வந்து சேர்ந்தார்கள். வயதான தோதரா மரத்தின் அடியில் இருப்பது அது. மெர்வ் மூடியைத் தூக்கினார். ஒன்றுமில்லை. மூடிவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

நைரியின் காதில் ஏதோ குடைந்தது. மெல்லிய, விட்டுவிட்டு வரும் கீச்சு.

"யோவ், உன் மிஷின் கத்துது. அணைச்சுத் தொலை."

மெர்வ் நிமிர்ந்தார். அவள் அவருடைய சட்டைப் பையைக் காட்டியதும் புரிந்துகொண்டு மிஷினை எடுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டினார். அதில் பேட்டரி இல்லை.

"பேட்டரியக் கழட்டி ரெண்டு மாசமாச்சு, அம்மணி."

இருவரும் அந்தச் சின்னப் பொருளைப் பார்த்தபடி இருந்தார்கள். பிறகு மெர்வ் கையை ஊன்றி எழுந்து, மிஷினோடு ஓடைவரை இறங்கிப் போனார். அங்கிருந்து கத்தினார்: "இப்ப?"

"இங்கதான். இங்கயேதான் கேக்குது. மேல." நைரி மர உச்சியைக் கைகாட்டிக் கத்தினாள்.

அவர் திரும்பி ஏறி வந்த வேகத்தை நைரி அதற்கு முன் கண்டதில்லை. எப்படி இருக்கிறது என்று கேட்டார். அவள் பல்லிடுக்கில் காற்றை இழுத்து, ஸிப், ஸிப், ஸிப் என்று செய்து காட்டினாள். அவருக்கு அவளுடைய உதடுகள் அசைவது மட்டுமே தெரிந்திருக்க வேண்டும். இருந்தும் தலையாட்டினார். "அத ஃபோன்ல பிடி" என்றார். "பிரிட்ஜெட்டுக்கு அனுப்பணும். பேசாத. மூச்சு விடாத."

நைரி கைப்பேசியைத் தலைக்கு மேல் தூக்கிப் பதிவை ஓடவிட்டாள். தோதராவின் உச்சியில் இலைகளைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. மெர்வ் மரத்தைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். இப்பவா? அவள் பேச முடியாமல், மற்றக் கையின் ஆள்காட்டி விரலைத் தூக்கினாள். இறக்கினாள். மறுபடி குரல் வந்ததும் தூக்கினாள். ஒவ்வொரு தடவையும் மெர்வின் முகவாய் லேசாக அசைந்தது, தாளம் பிடிப்பது போல.

பிறகு குருவி அடங்கியது. விரல் கீழேயே நின்றது. மெர்வ் ஒரு கையைக் காலினின் மூடிமேல் வைத்துக்கொண்டு, அந்த விரலையே பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார்.